ஒரு பிரபுவும் ஓர் இளைய குருவானவரும்

கடிதம் எழுதுகிறவர் ஒருவரை மட்டும் மனத்தில் வைத்து எழுதுகிறார். உறையை ஒட்டிய பிறகு அது அந்த ஒருவருக்கே உரியது என்று நம்புகிறார். இலக்கிய வரலாறு இந்த நம்பிக்கையைப் பலமுறை பொய்யாக்கியிருக்கிறது. எழுதியவர் கண்ணை மூடியதும் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. தனி ஒருவருக்குச் சொன்னது ஊருக்கே சொன்னதாகிவிடுகிறது. அப்படி ஆகிப்போன ஒரு சிறு நூலைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறோம். தத்துவ வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பாக மட்டும் வந்துபோகும் நூல் அது. நமக்கோ, ஆசிரியத் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, அந்த அடிக்குறிப்பே பெரிதாகத் தெரிகிறது.

1716ஆம் ஆண்டு லண்டனில் அந்நூல் வெளிவந்தது. ஒரு கோமகன், பல்கலைக்கழகத்தில் பயிலும் இளைஞன் ஒருவனுக்கு எழுதிய சில கடிதங்கள் என்பதுதான் தலைப்பின் பொருள். எந்தக் கோமகன், எந்த இளைஞன் என்று முகப்பு சொல்லவில்லை. உள்ளே பத்துக் கடிதங்கள். எழுதியவர் மூன்றாம் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு எனப்பட்ட அந்தோணி ஆஷ்லி கூப்பர். பெற்றவர் மைக்கேல் எய்ன்ஸ்வொர்த் என்னும் மாணவர். பின்னாளில் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். நூல் அச்சேறியபோது பிரபு இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

பிரபுவைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டும். 1671இல் பிறந்தவர். அவருடைய பாட்டனார் முதலாம் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, இரண்டாம் சார்லஸ் மன்னனின் அமைச்சராக இருந்து, பின்பு அவனுக்கே எதிராக விக் கட்சியைக் கட்டியெழுப்பிய பெரும் அரசியல்வாதி. அந்த வீட்டில் 1667 முதல் ஒரு மருத்துவர் தங்கியிருந்தார். பாட்டனாரின் கல்லீரலில் இருந்த கட்டிக்கு 1668இல் அறுவை மருத்துவம் செய்யப்பட்டபோது முன்னின்று நடத்தியவர் அவர்தான். அவர் பெயர் ஜான் லாக். பின்னர் உலகமே அறிந்த தத்துவவாதியாக ஆன அதே லாக். பேரனின் கல்வியை மேற்பார்வை செய்யும் பொறுப்பும் அவரிடமே விடப்பட்டது. எலிசபெத் பர்ச் என்ற ஆசிரியை அமர்த்தப்பட்டார். கிரேக்கமும் இலத்தீனும் சரளமாகப் பேசக்கூடியவர் அவர். அவரிடம் பயின்ற சிறுவன், பதினொரு வயதுக்குள் அவ்விரு மொழிகளையும் எளிதாகப் படிக்கும் நிலைக்கு வந்துவிட்டான் என்பார்கள்.

பாட்டனார் நாடு விட்டு ஓடி, 1683இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். பேரன் வின்செஸ்டர் பள்ளியில் சேர்க்கப்பட்டான். பாட்டனாரின் அரசியலுக்காகப் பேரன் அங்கே ஏச்சுகளைக் கேட்க வேண்டியிருந்தது. பின்னர் ஐரோப்பியப் பயணம், 1695 முதல் 1698 வரை நாடாளுமன்றத்தின் மக்கள் அவையில் உறுப்பினர் பதவி, இடையறாத மூச்சிரைப்பு நோய். லண்டன் புகை ஒத்துக்கொள்ளாமல் ஹாலந்துக்குப் போய் ராட்டர்டாமில் தங்கினார். அங்கே பியேர் பெயில் போன்ற சிந்தனையாளர்களின் நட்புக் கிடைத்தது. 1699இல் தந்தை இறக்க, இவர் மூன்றாம் பிரபு ஆனார். டார்செட் மாவட்டத்தில் விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸ் என்ற சிற்றூரில் குடும்ப மாளிகை. எய்ன்ஸ்வொர்த்தும் அதே ஊர்க்காரர்.

அந்த ஊர் இளைஞரை ஆக்ஸ்ஃபோர்டின் யுனிவர்சிட்டி கல்லூரியில் படிக்க வைக்கும் செலவைப் பிரபு ஏற்றுக்கொண்டார். புரவலர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் படித்த நமக்குத் தேரும் யானையும் பொற்றாமரையும் நினைவுக்கு வரும்; பாடிப் பெறுவதும் பெற்றபின் பாடுவதுமாகிய ஓர் ஒழுங்கு நினைவுக்கு வரும். இங்கே அது இல்லை. இந்த மாணவர் பிரபுவைப் பாட வேண்டியதில்லை. படிக்க வேண்டும், என்ன படிக்கிறோம் என்று எழுதித் தெரிவிக்க வேண்டும், அதற்குப் பிரபு பதில் எழுதுவார். கொடுத்த பணத்தைவிட எழுதிய கடிதம் அதிகமாக நினைக்கப்படும் ஒரு கொடை அது.

முதல் கடிதம் 1707 பிப்ரவரி 24ஆம் நாளுக்குரியது. அக்காலத்து இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆதலால் பழைய கணக்கில் அது 1706. அந்தக் கடிதத்தில் நம்மை நிறுத்திவைத்த செய்தி ஒன்று உண்டு. லாக் எழுதிய மனித அறிவைப் பற்றிய பெருநூலைப் பிரபு இந்த மாணவருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார். கொடுத்ததில் தமக்கு வருத்தமில்லை என்கிறார். பல்கலைக்கழகத்துக்குப் பயன்படுவதைப் போலவே உலக வாழ்க்கைக்கும் அந்நூல் ஒருவனைத் தகுதியாக்கும் என்கிறார். காட்டுமிராண்டித்தனமான மொழியில் சிறைப்பட்டிருந்த தத்துவத்தை மீட்டு, மனிதர் புழங்கும் இடத்துக்குக் கொண்டுவந்ததில் லாக்கைவிட அதிகம் செய்தவர் இல்லை என்றும் பாராட்டுகிறார். தம் ஆசிரியரின் நூலைத் தம் மாணவன் கையில் கொடுத்துவிட்டு, இதைப் படி, இதைவிட நல்ல தொடக்கம் உனக்கு இல்லை என்று சொல்லும் குரல் அது. ஆசிரியர்கள் எல்லோருக்கும் பழக்கமான குரல்.

அடுத்து வரும் கடிதங்களில் அறிவுரைகள் தொடர்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு அப்போது பழைமைவாதக் குருமாரின் கோட்டை. பள்ளிக்கூடத் தருக்கமும், வார்த்தைகளை வார்த்தைகளால் பிளக்கும் மீமெய்யியலும் அங்கே கற்பிக்கப்பட்டன. பிரபுவுக்கு அவை வேம்பு. இறையன்பு என்னும் உயர்ந்த நிலையை இருண்ட ஆராய்ச்சிகளால் அடைய முடியாது; நல்லொழுக்கப் பயிற்சியாலும் மனிதகுலத்தின்மீது கொள்ளும் அன்பாலும் அடையலாம் என்பது அவர் சொல்வதன் சாரம். மனிதரை விலங்குகளிலிருந்து உயர்த்துபவை இரண்டு: அறிவுலகில் சிந்தனை உரிமை, குடியியல் வாழ்வில் நல்லாட்சியும் சுதந்திரமும். ஒன்றில் கொடுங்கோன்மை புகுந்தால் மற்றதிலும் விரைவில் புகுந்துவிடும் என்கிறார். கிரேக்கம் கற்பதை வலியுறுத்துகிறார். இறையியல் படிக்கும் மாணவருக்கு எழுதிய கடிதங்களில் அரசியல் சுதந்திரம் இவ்வளவு இடம் பிடித்திருப்பது நம்மை நின்று படிக்க வைக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. இந்தப் பிரபு ஏன் ஒரு குருவானவரை உருவாக்க வேண்டும்?

ஷாஃப்ட்ஸ்பரியின் முதன்மையான நூல், அறத்தைப் பற்றிய ஆராய்ச்சி, 1699இல் வெளிவந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவனிடமும் அறம் இருக்க முடியும் என்று அந்நூல் வாதிட்டது. நரகத்துக்கு அஞ்சியோ சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டோ நல்லது செய்பவனிடம் அறம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. சங்கிலியில் கட்டப்பட்ட புலி கடிக்காமல் இருப்பதைச் சாந்தம் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பது போன்ற வாதம். 1708இல் சமயவெறியைப் பற்றி ஒரு கடித நூல் வெளியிட்டார். பிரான்சிலிருந்து தப்பி வந்து லண்டன் தெருக்களில் தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்தாரைத் தண்டிக்க வேண்டும் என்று பலர் குரல் எழுப்பிய நேரம் அது. தண்டிக்காதீர்கள், நல்ல நகைச்சுவையோடு பாருங்கள். வெறி தானே தணியும் என்று சொன்னார் இவர். குருமார் பலர் கொதித்தார்கள். அப்படிப்பட்டவர் தம் பணத்தில் ஒருவரைக் குருப்பட்டத்துக்குப் படிக்க வைக்கிறார்!

முரண் என்று இதைக் கடந்துபோக முடியவில்லை. ஷாஃப்ட்ஸ்பரி அச்சில் வெளியிட்ட முதல் எழுத்தே ஒரு சமயச் சொற்பொழிவுத் தொகுப்புக்கான முன்னுரைதான். பெஞ்சமின் விச்கோட் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞரின் பிரசங்கங்களை 1698இல் அவர் பதிப்பித்தார். மனிதனிடம் இயல்பாகவே நல்ல குணம் உண்டு என்று சொன்ன அரிய பிரசங்கி விச்கோட் என்பதே அந்த முன்னுரையில் அவர் கொண்டாடிய செய்தி. மனிதன் பிறவியிலேயே தீயவன், அச்சமே அவனை அடக்கும் என்று சொன்ன ஹாப்ஸும், அதையே வேறு சொற்களில் சொன்ன பிரசங்கிகளும் அவருக்கு ஒரே அணியில் நிற்பவர்களாகத் தோன்றினார்கள். திருச்சபையை ஒழிக்க வேண்டும் என்பது அவர் எண்ணமாக இருக்கவில்லை. ஞாயிறுதோறும் ஒரு சிற்றூர் முழுவதும் கேட்கும் ஒரே பேச்சு குருவானவரின் பேச்சு. அந்த மேடையில் நிற்பவர் அச்சத்தை விதைக்கப்போகிறாரா, நல்லுணர்வை விதைக்கப்போகிறாரா என்பதுதான் அவருக்கு முக்கியம். எய்ன்ஸ்வொர்த் அவருடைய பதில்களுள் ஒருவர். நூல் எழுதி வாதிட்டவர், ஒரு மனிதரை உருவாக்கியும் வாதிட்டுப் பார்த்தார்.

கடிதங்களுள் புகழ்பெற்றது 1709 ஜூன் 3ஆம் நாள் எழுதப்பட்டது. தத்துவ வரலாற்றாசிரியர்கள் இந்நூலைத் தேடி வருவதே இதற்காகத்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு லாக்கை அவ்வளவு பாராட்டிய அதே கை, இப்போது வேறு ஒன்றை எழுதுகிறது. அரசியல், வணிகம், நாணயம், கல்வி, சமயப் பொறை ஆகியவை பற்றி லாக் எழுதியவற்றை மதிப்பதாகச் சொல்கிறார். அவரை நன்கு அறிந்தவன் என்ற முறையில் அவருடைய கிறித்தவ நம்பிக்கை உண்மையானது என்று சான்றும் தருகிறார். பிறகு சொல்கிறார்: ஆனாலும் ஹாப்ஸ் போட்ட பாதையிலேயே லாக் நடந்தார். உண்மையில் ஹாப்ஸைவிட அதிகச் சேதம் விளைவித்தவரும் அவரே. ஹாப்ஸின் குணமும் அவருடைய அரசியல் அடிமைத்தனமும் அவருடைய நஞ்சுக்கு முறிவாக இருந்தன. லாக்கோ நல்லவர், ஆதலால் அவர் அடித்த அடி அடித்தளத்திலேயே விழுந்தது. ஒழுங்கையும் அறத்தையும் உலகத்திலிருந்தே வெளியேற்றிவிட்டார்.

குற்றச்சாட்டு என்ன என்பதை வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். மனிதன் பிறக்கும்போது அவன் மனத்தில் எந்தக் கருத்தும் இல்லை, எல்லாம் அனுபவத்தால் வருபவை என்பது லாக்கின் கொள்கை. அறக்கருத்துகளும் அப்படித்தான். ஊருக்கு ஊர் அறம் மாறுகிறதே, சில நாட்டாரிடம் நாம் அறம் என்பதே இல்லையே என்று பயணிகளின் நூல்களிலிருந்து அவர் சான்று காட்டுவார். பயணிகள் சொன்ன கதைகளை எல்லாம் இவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறாரே என்று ஷாஃப்ட்ஸ்பரி ஏளனம் செய்கிறார். பிறவியிலேயே உடன்வந்ததா என்ற கேள்வியே தவறு என்கிறார். ஓர் உடல் மற்றோர் உடலிலிருந்து வெளியே வந்த அந்த நொடியில் கருத்து உள்ளே இருந்ததா இல்லையா என்பது யாருக்கு வேண்டும்? மனிதனின் அமைப்பு எப்படிப்பட்டது, அவன் வளர்ந்து நிற்கும்போது ஒழுங்கு, நன்மை, இறை ஆகிய உணர்வுகள் அவனிடம் தவறாமல் முளைக்குமா முளைக்காதா என்பதே கேள்வி. பிறவிக் கருத்து என்ற சொல்லுக்குப் பதிலாக, இயல்போடு ஒட்டி வளர்வது என்று பொருள்படும் வேறொரு சொல்லை அவர் முன்வைக்கிறார். மீசை பிறக்கும்போதே இருப்பதில்லை. அதற்காக அதை யாரும் வெளியிலிருந்து ஒட்டவைத்ததாகச் சொல்ல மாட்டோம். உவமை நம்முடையது, வாதம் அவருடையது.

இப்போது நம்மைத் தொந்தரவு செய்யும் கேள்விக்கு வருகிறோம். இதை ஏன் ஒரு மாணவருக்கு எழுதினார்?

லாக் 1704இல் இறந்துவிட்டார். தாம் வெளியிட்ட நூல்களில் ஷாஃப்ட்ஸ்பரி அவர் பெயரைச் சுட்டித் தாக்கவில்லை. கருத்தோடு மட்டும் மோதினார். வளர்த்துவிட்டவரை ஊரறியக் குறைசொல்லக் கூடாது என்ற பண்பு அது. ஆனால் அதே கருத்தை அடக்கிக்கொண்டே இருக்கவும் முடியவில்லை. 1709 நவம்பரில் படைத்தளபதி ஸ்டேன்ஹோப்புக்கு எழுதிய கடிதத்திலும் இதே மனத்தாங்கல் வெளிப்படுகிறது. எனினும் ஸ்டேன்ஹோப் தமக்குச் சமமான நண்பர். எய்ன்ஸ்வொர்த் இருபது வயதையொட்டிய மாணவர். அந்த மாணவர் கையில் லாக்கின் நூலைக் கொடுத்தவரும் இவரே.

நம் மரபில் ஆசிரியர் இலக்கணமும் மாணவர் இலக்கணமும் நன்னூல் பாயிரத்திலேயே வகுக்கப்பட்டிருக்கின்றன. வகுப்பில் அதை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஆனால் தன் ஆசிரியரோடு முரண்படும் ஆசிரியர், அதைத் தன் மாணவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை வாழ்க்கையில்தான் கற்க வேண்டியிருக்கிறது. ஒரு பேராசிரியரிடம் பாடம் கேட்டு, அவருடைய காலக்கணிப்பையோ உரைப்போக்கையோ பின்னர் ஏற்க இயலாமல் போனவர்கள் நம்மில் பலர் உண்டு. வகுப்பில் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் ஒரு கணம் தயங்கும். மாணவர்கள் அந்தத் தயக்கத்தைக் கவனித்துவிடுவார்கள். ஷாஃப்ட்ஸ்பரி செய்தது இந்தக் கண்ணோட்டத்தில் நேர்மையானதாகவே படுகிறது. முதலில் நூலைக் கொடுத்தார். முழு மதிப்போடு கொடுத்தார். மாணவர் அதைப் படித்து இரண்டாண்டுகள் முதிர்ந்த பிறகே தம் மறுப்பைச் சொன்னார். மறுப்பை முதலில் சொல்லி நூலைப் பின்னால் கொடுத்திருந்தால், மாணவர் லாக்கைப் படித்திருக்கவே மாட்டார்; ஷாஃப்ட்ஸ்பரியின் லாக்கைத்தான் படித்திருப்பார்.

ஆனால் இந்த நூலில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. அச்சில் வந்தவை பிரபுவின் கடிதங்கள் மட்டுமே. எய்ன்ஸ்வொர்த் எழுதியவை அதில் இல்லை. அவர் என்ன கேட்டார், எதை மறுத்தார், எதை விழுங்கிக்கொண்டார் என்பவற்றை பிரபுவின் பதில்களிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் பேசுபவரின் பக்கத்தில் நின்று ஒருபக்கப் பேச்சைக் கேட்பது போல.

அந்தக் காலியான பக்கத்தை நாம் நம் அனுபவத்தைக் கொண்டுதான் படிக்கிறோம். நாம் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளும் விடுதிக் கட்டணத்தைக் கட்டியவர் எங்கள் ஊரில் நெல்மண்டி வைத்திருந்த ஒரு பெரியவர். உறவினர் அல்லர். எங்கள் தந்தையார் அவரிடம் கணக்கெழுதினார், அவ்வளவே. மாதம் தவறாமல் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வரும். கையெழுத்து அரிசி பரப்பியதுபோல நெருக்கமாக இருக்கும். நலமா, சாப்பாடு எப்படி என்று இரண்டு வரி. அதன்பிறகு, என்ன நூல் நடக்கிறது, யார் நடத்துகிறார் என்ற கேள்விகள். அவர் தேவாரமும் திருப்புகழும் மனப்பாடமாக அறிந்தவர். புதுக்கவிதை என்றால் முகம் சுளிப்பவர். நாமோ அந்த நாட்களில் புதுக்கவிதைத் தொகுப்புகளைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தோம். பதில் அட்டையில் பெரியபுராண வகுப்பைப் பற்றி மட்டுமே எழுதினோம். எழுதியதெல்லாம் உண்மை. பெரியபுராணம் நடந்தது, நன்றாகவே நடந்தது. பெறுகிறவன் எழுதும் கடிதத்துக்கு என்று ஓர் அளவு உண்டு, அந்த அளவுக்குள் அது நின்றது.

அந்த அளவைக் கொடுப்பவர் பெரும்பாலும் அறிவதில்லை. அவர் எதையும் வற்புறுத்தியிருக்க மாட்டார். எங்கள் பெரியவர் ஒருநாளும், நீ இதைப் படித்தால்தான் பணம் என்று சொன்னதில்லை. அப்படி நினைக்கக்கூடியவரும் அல்லர். ஆயினும் அவருடைய விருப்பம் எது என்று தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததே போதும். எய்ன்ஸ்வொர்த்தின் மேசையில் ஷாஃப்ட்ஸ்பரியின் கடிதம் வந்து விழுந்தபோது, லாக்கைப் பற்றிய அந்தக் கடுமையான பக்கத்தைப் படித்து முடித்தபோது, அவர் மனத்தில் லாக்குக்காக ஒரு சொல் எழுந்திருந்தால்கூட, அதை எழுதுவதற்கு அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

இங்கேதான் ஷாஃப்ட்ஸ்பரியின் தத்துவம் அவர் வாழ்க்கையோடு உரசுகிறது. பரிசுக்காகச் செய்யப்படும் நன்மை நன்மையல்ல என்று வாதிட்டவர் அவர். அப்படியானால், நாம் விரும்பும் வகையான மனிதனாக இவன் ஆவான் என்ற எதிர்பார்ப்போடு கொடுக்கப்படும் கொடை எத்தகையது? அதுவும் ஒரு பரிசை எதிர்நோக்குவதுதானே. மறுபக்கத்தில், தன் நன்மைக்காகக் காத்திருக்கும் மாணவன் புரவலரின் கருத்தை ஏற்றுக்கொள்ளும்போது, அது அறிவின் இசைவா, நன்றியின் இசைவா? அச்சமும் ஆசையும் அறத்தைக் கெடுக்கும் என்றால் நன்றிக்கடன் சிந்தனையைக் கெடுக்காதா? நாமும் இன்று சக ஆசிரியர்களோடு சேர்ந்து ஓரிரு மாணவர்களின் கட்டணத்தைக் கட்டுகிறோம். பணத்தை அலுவலகத்தில் கட்டிவிட்டு ரசீதை மட்டும் மாணவர் கையில் சேரும்படி செய்வது எங்கள் வழக்கம். கட்டியது யார் என்று அவர்களுக்குச் சொல்வதில்லை. எங்கள் பெரியவரின் அஞ்சலட்டைகளை நினைத்தால், அந்த வழக்கத்தால் மாணவர்கள் ஒன்றைப் பெறுகிறார்கள், ஒன்றை இழக்கிறார்கள் என்றும் தோன்றுகிறது. அட்டை இல்லை, ஆகவே அளவும் இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை, என்ன படிக்கிறாய் என்று கேட்க ஓர் ஆளும் இல்லை.

பிரபு இந்தச் சோதனையில் எப்படித் தேறினார் என்பதற்குக் கடைசிக் கடிதம் ஓரளவு விடை தருகிறது. அது 1710 ஜூலை 10ஆம் நாளுக்குரியது. இங்கிலாந்து அப்போது கொந்தளித்துக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், லண்டனில் புனித பவுல் பேராலயத்தில் ஹென்றி சாச்செவரல் என்ற குருவானவர், சமயப் பொறையையும் விக் ஆட்சியையும் கடுமையாகத் தாக்கிப் பிரசங்கம் செய்தார். அச்சான அந்தப் பிரசங்கம் காட்டுத்தீயாய்ப் பரவியது. விக் அமைச்சரவை அவர்மீது நாடாளுமன்றத்தில் குற்றவிசாரணை நடத்தியது. 1710 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விசாரணை நடந்தபோது லண்டனில் கலகக் கூட்டங்கள் மாற்றுச் சபையினரின் வழிபாட்டு இல்லங்களைச் சூறையாடின. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தும், மூன்றாண்டுகள் பிரசங்கம் செய்யக் கூடாது என்ற மெல்லிய தண்டனையே கிடைத்தது. சாச்செவரல் வெற்றிவீரரைப் போலக் கொண்டாடப்பட்டார். அவருக்கு எதிராகப் பிரபுக்கள் அவையில் பேசியவர்களுள் ஒருவர் சால்ஸ்பரியின் பேராயர் கில்பர்ட் பர்னெட். ஊரெல்லாம் பர்னெட்டை வசைபாடியது.

எய்ன்ஸ்வொர்த்துக்குக் குருப்பட்டம் அளித்தவர் அதே பர்னெட்தான். ஷாஃப்ட்ஸ்பரி தம் கடிதத்தில் பேராயரைப் போற்றுகிறார். திருச்சபைக்கு அவரைவிட அதிகம் உழைத்தவர் இல்லை, அந்தத் திருச்சபையின் நன்றிகெட்டவர்களாலேயே அவர் தூற்றப்படுகிறார் என்கிறார். தம் மாணவர் அந்தக் கைகளால் பட்டம் பெற்றது நல்ல அடையாளம் என்ற மகிழ்ச்சி கடிதத்தில் தெரிகிறது. அதைத் தொடர்ந்து வருவது எச்சரிக்கை. குருப்பட்டம் மனிதனுக்குப் பெருமிதத்தைக் கொண்டுவரும். அதற்கு எதிராகப் பணிவை வளர்த்துக்கொள் என்கிறார். இவ்வளவு காலம் தத்துவத்தைப் பற்றி எழுதியவர் இறுதியில் வேண்டுவது மிக எளியது. உண்மையான சமயப்பற்றும் அதற்குப் பொருந்திய குணமும் நடையும் இவருக்கு அமைய வேண்டும் என்பதே அவருடைய வாழ்த்து. லாக்கும் ஹாப்ஸும் அங்கே இல்லை. தம் கொள்கையை மேடையேற்ற வேண்டும் என்ற கட்டளையும் இல்லை. ஓர் இளைஞனை அவன் தேர்ந்த தொழிலுக்குள் அனுப்பிவைத்துவிட்டு வாசலில் நிற்கும் பெரியவரின் குரல் மட்டும் இருக்கிறது.

1711இல் ஷாஃப்ட்ஸ்பரியின் நூல்கள் எல்லாம் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. அதே ஆண்டு, நுரையீரலுக்கு இதமான காற்றைத் தேடி நேப்பிள்ஸுக்குப் போனார். 1713 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். வயது நாற்பத்திரண்டைத் தொடவில்லை. அந்த மூன்று தொகுதிகள் பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் படிக்கப்பட்டன. அயர்லாந்தில் பிறந்த ஹட்சிசன் அவர் வழிநின்று 1725இல் அறவுணர்வுக் கொள்கையை வளர்த்தார். பிரான்சில் தீதரோ அறத்தைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சியை 1745இல் பிரெஞ்சில் தந்தார். அவர் வாழ்நாளெல்லாம் பெயர் சொல்லாமல் மறைத்துவைத்த லாக் மீதான மறுப்போ, 1716இல் அந்த மெல்லிய நூலின் வழியாக ஊரறிந்த செய்தியாயிற்று. 1900இல் பெஞ்சமின் ராண்ட் அவருடைய வெளிவராத கடிதங்களையும் தனிக் குறிப்பேடுகளையும் பதிப்பித்தபோது, பிரபு மாணவருக்குச் சொன்ன பல அறிவுரைகளை முதலில் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் தெரியவந்தது. எபிக்டெடஸையும் மார்க்கஸ் அரேலியஸையும் துணைகொண்டு, தம்மைத் தாமே கண்டித்துக்கொள்ளும் பக்கங்கள் அந்தக் குறிப்பேடுகளில் நிறைய உண்டு.

இவ்வளவும் படித்த பிறகு நம் மனத்தில் தங்குவது ஆசிரியரையும் மாணவரையும் பற்றிய இரண்டு படிமங்கள். லாக் 1693இல் வெளியிட்ட கல்விச் சிந்தனைகளின் இறுதியில், சிறுவனை வெள்ளைத் தாளாகவோ மெழுகாகவோ கருதலாம் என்கிறார். ஆசிரியர் எழுதலாம், உருவாக்கலாம். அந்த நூலும் ஒரு நண்பரின் மகனைப் பற்றி எழுதிய கடிதங்களிலிருந்தே பிறந்தது. ஷாஃப்ட்ஸ்பரி கண்ட மாணவன் விதை கொண்ட நிலம். காலம் வரும்போது தானே முளைக்கும். ஆசிரியர் களை எடுக்கலாம், நீர் விடலாம், காத்திருக்கலாம். இரண்டில் எது சரி என்று தத்துவத்துறையினர் சொல்லட்டும். நம் கண்முன் இருக்கும் சான்று ஷாஃப்ட்ஸ்பரியே. லாக் அருகிருந்து எழுதிய தாள் அவர். அந்தத் தாளில் கடைசியில் தெரிந்த எழுத்து லாக்கின் எழுத்து அல்ல. லாக்கைப் பொறுத்தவரை இது தோல்வி என்று நமக்குத் தோன்றவில்லை. கிரேக்கம் அறிந்த ஓர் ஆசிரியையைத் தேர்ந்து அமர்த்தியவருக்கு, அந்தச் சிறுவன் ஒருநாள் தன்னையே மறுத்துப் பேசுவதற்கான மொழியைப் பெற்றுத்தந்த பெருமை உண்டு.

எய்ன்ஸ்வொர்த் நூல் எதுவும் எழுதிப் புகழ்பெறவில்லை. ஞாயிறு பிரசங்கங்களும் ஞானஸ்நானங்களும் அடக்க ஆராதனைகளுமாகக் கழியும் வாழ்க்கை ஒரு குருவானவருடையது. அங்கே அவர் மனிதரின் நல்லியல்பைப் பற்றிப் பேசினாரா, நரகத்தைப் பற்றிப் பேசினாரா என்பது அவருக்கும் அவர் முன் அமர்ந்திருந்தவர்களுக்கும் உரிய செய்தி. பிரபுவின் கடிதங்கள் அச்சேறி உலகத்துக்கு உரியவை ஆகிவிட்டன. மாணவரின் பதில் அவர் வாழ்ந்த வாழ்க்கையாக மட்டுமே இருந்து முடிந்தது. கொடையைத் திருப்பிச் செலுத்த அதைவிட முறையான வழி இருப்பதாக நாம் நினைக்கவில்லை.